மேடையில் மாறிப்போன அப்பா

கைதட்டல் நிற்பதாக இல்லை. பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற சாலையில் ஒரு மண்டபம். இரண்டு ஏர்கோனில் ஒன்றுதான் வேலை செய்தது, அதுவும் மேடைக்கு எதிர்ப்பக்கம். மாலைகளின் வதங்கிய மல்லிகை வாசனையும், பின்பக்கம் மீகூன் சேமியா பிரட்டுகிற வாசனையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மேடை ஓரத்து நாற்காலியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் பக்கத்தில் சொலாஞ்ச் அழுதுகொண்டிருந்தாள். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில். தோளில் போர்த்திய பொன்னாடையின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சரிகை மூக்கைக் கிழித்துவிடும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"கடைசி வரைக்கும் கேட்டார்கள், பார்த்தாயா?" என்று பிரெஞ்சில் என் காதுக்குள் சொன்னாள். "ஒருவர்கூட எழுந்து போகவில்லை."

தமிழில் அவர்கள் கேட்டது அவள் எழுதிய கவிதையே இல்லை. அந்த மண்டபத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி கைதட்டலுக்குத் தலைவணங்கிக்கொண்டிருந்தார்.

சொலாஞ்சிடமும் அவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பட்டறைக்காரர் மகளுக்குப் பிரெஞ்சு

உனக்கு எதற்கு பிரெஞ்சு என்று கேட்காத ஆள் பினாங்கில் இல்லை. அப்பா அக்கரையில் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். பொறியாளர்கள் பிரான்சிலிருந்து வருவார்கள். அவர்கள் சொல்வது இவர்களுக்குப் புரியாது, இவர்கள் சொல்வது அவர்களுக்குப் புரியாது. யாராவது ஒருவர் மொழி படிக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் எல்லாம் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

தொழிற்சாலை ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. பிரெஞ்சு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். மீதி நேரத்தில் கவிதை மொழிபெயர்க்கிறேன். இதில் காசு வருமா என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொடரிலேயே பலமுறை பதில் சொல்லியாயிற்று.

பிரான்சின் கவிதைகள் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. இலையுதிர் காலம் என்று ஆரம்பிப்பார்கள். இங்கே வருஷம் முழுக்க இலை உதிர்கிறது, பெருக்குகிறவளுக்குத்தான் அதன் துயரம் தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சில் எழுதியவர்களைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசினால் தண்டனை வாங்கியவர்கள் அவர்கள். அதே பள்ளிக்கூடம் தலையில் திணித்த மொழியை எடுத்து, "நான் கறுப்பு, அதனால் என்ன?" என்று அந்த மொழிக்காரனிடமே திருப்பிக் கேட்டார்கள். அந்த முதல் தலைமுறைக்கு, "நாங்கள்" என்று ஒரே குரலில் பேச வேண்டிய கட்டாயம் இருந்தது. அதற்கு நான் எழுந்து நின்று மரியாதை செய்வேன்.

அப்புறம் விடுதலை வந்தது. கொடி மாறியது. சில இடங்களில் சிறைகள் மாறவில்லை. பூட்டியவர்களும் பூட்டப்பட்டவர்களும் ஒரே நிறம், ஒரே தெரு, சில நேரம் ஒரே வீடு. அப்படி ஒரு வீட்டில் பிறந்த மகள் "நாங்கள்" என்று எப்படி ஆரம்பிப்பாள்? அவளுக்கு "நான்" என்றுதான் ஆரம்பிக்க முடியும். அதைக் கேட்க ஆள் இல்லை. ஆப்பிரிக்கா என்றால் உலகத்துக்கு இன்னும் அந்தப் பழைய "நாங்கள்"தான் வேண்டியிருக்கிறது.

ரப்பர் மரம் எங்கே?

எனக்கு இது புரிந்ததற்குக் காரணம் உண்டு. கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை, பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, பக்கத்துக் காரில் இருந்த ஒருத்தி கண்ணாடி பார்த்து அழுததைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம சமுதாயத்தோட வலி எங்கம்மா இருக்கு இதுல?"

"அழுதது நம்ம பொண்ணுதாங்க," என்றேன்.

"அது சரி லா. தோட்டம், பால்மரம், அந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா போடலாம்."

நான் ஜோர்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ரப்பரை எனக்குக் கையுறையாகத்தான் தெரியும். நான் பால் வெட்டினேன் என்று எழுதினால் அது கவிதையா, மோசடியா? ஆனால் எழுதினால் போடுவார்கள். மலேசியத் தமிழன் கவிதை எழுதினால் அதில் ஒரு ரப்பர் மரம் நின்றாக வேண்டும். ஆப்பிரிக்கக் கவிதை என்றால் ஒரு சங்கிலி அறுந்தாக வேண்டும். நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

வானொலிக்காரர்

சொலாஞ்ச் மேற்கு ஆப்பிரிக்காவின் ஒரு சின்னக் கடற்கரை நாட்டுக்காரி. நாட்டின் பெயர் வேண்டாம் என்றாள், அண்ணன் இன்னும் அங்கே இருக்கிறான். கணவர் பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இவள் தஞ்சோங் பூங்காவில் குடியிருந்துகொண்டு, குழந்தைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். அப்படித்தான் பழக்கம். மாணவர்களைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்து, மாமியார்களைப் பற்றிப் புலம்புகிற அளவுக்கு நெருங்கினோம்.

இரண்டு தொகுப்புகள் போட்டிருக்கிறாள். ஐரோப்பாவில் கூப்பிட்டால் போவாள். கூப்பிடுகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: அடிமைக் கப்பல்களைப் பற்றிய அந்தக் கவிதை. கூடவே உங்கள் ஊர்த் துணி உடுத்தி வந்தால் நன்றாக இருக்கும் என்பார்களாம். "எனக்கு ஜீன்ஸ்தான் வசதி" என்பாள் இவள். அவர்கள் முகம் சுருங்குமாம்.

அவள் எந்த மேடையிலும் வாசிக்காத ஒரு கவிதை இருந்தது. ஒரு மழை நாளில், தே தாரே தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அதை என்னிடம் வாசித்தாள். நான் செய்த தமிழ் இது:

*என் அப்பாவின் குரல் அழகானது.*
*நாடு முழுக்க அதை அறியும்.*
*காலையில் வானொலியில்*
*நேற்றிரவு பிடிபட்டவர்களின் பெயர்களை வாசிப்பார்.*
*தடுமாறமாட்டார்.*
*நடுவில் தண்ணீர் குடிக்கமாட்டார்.*
*ஒரு காலை என் டீச்சரின் பெயரை வாசித்தார்.*
*மிகச் சரியாக உச்சரித்தார்.*
*வீட்டுக்கு வந்து, சாப்பிட்டாயா என்றார்.*
*அதே குரல்.*
*சாப்பிட்டேன் என்றேன்.*
*அவர் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு.*
*இதை நான் வாசிப்பதும்*
*அந்தக் குரலில்தான்.*

"இதை என் ஊர்க்காரர்கள் முன்னால் வாசிக்க முடியாது," என்றாள். "பாதிப் பேர் துரோகியின் மகள் என்பார்கள். மீதிப் பேர் பெற்ற அப்பனைக் காட்டிக்கொடுக்கிறாள் என்பார்கள். ஐரோப்பாவில் இதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். குழப்பமாக இருக்கிறதாம், யாருக்கு இரக்கப்படுவது என்று தெரியவில்லையாம்."

பிறகு அவள் கேட்டாள்: "இங்கே யாருக்கும் என் அப்பாவைத் தெரியாது. ஒரே ஒரு தடவை, ஒரு கூட்டத்தின் முன்னால், உள்ளது உள்ளபடி சொல்லிப் பார்க்க வேண்டும். அவரை இப்படியே தெரிந்துகொண்ட பிறகும் என்னோடு உட்கார்ந்திருப்பார்களா என்று பார்க்க வேண்டும். உன் ஆட்கள் கேட்பார்களா?"

கேட்பார்கள் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

நிகழ்ச்சி நிரல்

எங்கள் வாசகர் வட்டத்துத் தலைவர் மாணிக்கம் ஐயா. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மரபுக் கவிஞர். எழுபதைத் தாண்டியும் ஒலிவாங்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். தோட்ட வாழ்க்கை பற்றி அவர் எழுதிய விருத்தங்களைப் பினாங்கில் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். பால்மரம் வெட்டிய தகப்பனின் தழும்பேறிய கையைப் பற்றி ஒன்று உண்டு, அதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. நானும் அழுதிருக்கிறேன்.

சொலாஞ்ச் பற்றிச் சொன்னதும் குதித்துவிட்டார். கவியரங்கமே வைத்துவிடலாம் என்றார். என் மொழிபெயர்ப்பை முன்கூட்டியே அனுப்பினேன். அவள் பிரெஞ்சில் வாசிப்பாள், நான் தமிழில் வாசிப்பேன் என்று முடிவு. கவிதை இரண்டு மொழியிலும் சிறப்பு மலரில் வரும் என்றும் முடிவு. "பிரமாதம்மா, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டாமா?

பதாகையைப் பார்த்தபோதே தலையில் அடித்துக்கொண்டேன். "ஆப்பிரிக்கத் தாயின் வீர முழக்கம்" என்று எழுதி, பின்னால் ஒரு சிங்கம், ஒரு ஒட்டகச்சிவிங்கி, அஸ்தமன சூரியன். சொலாஞ்ச் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தது தைப்பிங் மிருகக்காட்சி சாலையில்.

"அது நான்தானா?" என்று பதாகையைக் காட்டிக் கேட்டாள்.

"சிங்கம்தான் நீ," என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு எல்லாம் வழக்கம்போல. குத்துவிளக்கு. தமிழ் வாழ்த்து. வரவேற்புரைக்கு முன்னால் ஒரு வரவேற்புரை. சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. வரவில்லை, வந்துகொண்டிருக்கிறார், வந்துவிட்டார். அவர் ஆப்பிரிக்காவுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தன் தொகுதியில் சாக்கடை சீரமைத்ததில் முடித்தார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், ஒய்.பி. சரியாக விழவில்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். கவிதைக்காகக் கூட்டிய கூட்டத்தில் கவிதைக்கு நேரம் இல்லை.

மாணிக்கம் ஐயா என் பக்கம் குனிந்தார். "நேரம் இல்லம்மா. தமிழ நானே வாசிச்சிடுறேன். கொஞ்சம் மரபுல மாத்தி வச்சிருக்கேன். ராகத்தோட சொன்னாத்தான் நம்ம ஜனங்களுக்கு ஏறும்."

வரிகளைக் கொஞ்சம் சந்தத்தில் தட்டியிருப்பார் என்று நினைத்தேன். அதற்கே எனக்கு எரிச்சல்தான். ஆனால் மேடையில் சண்டை போட முடியுமா? சரி என்று தலையாட்டினேன்.

சொலாஞ்ச் எழுந்தாள். மெதுவாக, குரலை உயர்த்தாமல் வாசித்தாள். மண்டபத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் அமைதியாகக் கேட்டார்கள். டீச்சரின் பெயர் வந்த இடத்தில் அவள் குரல் ஒரு கணம் நின்று பிறகு தொடர்ந்தது. நன்றாகத்தான் நடந்தது.

அவள் உட்கார்ந்ததும் ஐயா தொண்டையைச் செருமினார். கவியரங்கம் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு அடியையும் இரண்டு தரம் சொல்வார்கள். முதல் தரம் காதுக்கு, இரண்டாம் தரம் கைதட்டலுக்கு.

*சிறைக்குள்ளே சிங்கமெனச் சீறி நின்றான்*
*செந்நீரால் தாயகத்தின் சரித்திரத்தைக்*
*கறைநீக்கி எழுதிவைத்தான் என்றன் தந்தை*
*காற்றிலவன் குரலின்னும் கேட்குதம்மா!*

முதல் தரம் நான் நம்பவில்லை. இரண்டாம் தரம் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. இதே பாணியில் இன்னும் நான்கு பாட்டு. பெயர்களை வாசித்த அப்பா, பிடிபட்ட அப்பாவாக மாறி, கசையடி பட்டு, கடைசியில் தூக்குமேடையில் புன்னகைத்தார்.

நான் எழுந்தேன். அதற்குள் மண்டபமே எழுந்து கைதட்ட, மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அறிவிப்பாளர் நன்றியுரையைத் தொடங்கி, ஒலிவாங்கி அவர் கையில் போய், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்ற அறிவிப்போடு கூட்டம் கலைந்துவிட்டது.

தேவகி அக்கா மேடைக்கே வந்துவிட்டார். எங்கள் வட்டத்தின் பொருளாளர், எளிதில் கலங்காதவர். சொலாஞ்சின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு அப்பாவுக்குப் பொறந்திருக்கீங்களே, கொடுத்து வச்சவங்க லா நீங்க," என்று அழுதார்.

"என்ன சொல்கிறார்?" என்றாள் சொலாஞ்ச்.

"இரு, வருகிறேன்," என்று சொல்லிவிட்டு நான் மாணிக்கம் ஐயாவைத் தேடிப் போனேன்.

மீகூன் மேசையருகே

பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். கறிபப் பலகாரம் ஒன்று கையில்.

"ஐயா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏம்மா கோவப்படுறீங்க? ஜனங்க அழுதாங்களா, இல்லையா?"

"யாருக்காக அழுதாங்க? அப்படி ஒரு ஆளே கிடையாது. அவங்க அப்பா தூக்குல தொங்கல. பிடிபட்டவங்க பேர வாசிச்சவரு."

"தெரியும் லா. நீங்க அனுப்பினத படிச்சேன்தானே." கறிபப்பைத் தட்டில் வைத்தார். "பெத்த அப்பன மேடையில நிறுத்தி குத்தம் சொல்றது நம்ம பழக்கம் இல்லம்மா. அந்தப் பிள்ளைக்கும் கெட்ட பேரு. நல்லதுக்குத்தான் பண்ணேன்."

"அவங்க கேட்டாங்களா உங்கள? அந்தக் கவிதைய ஒரு தடவ அப்படியே சொல்லணும்னுதான் அவங்க இங்க வந்தாங்க. அவங்க நாட்டுலயும் முடியல, பிரான்சுலயும் முடியல. இங்க முடியும்னு நான் சொன்னேன் ஐயா. உங்கள நம்பித்தான் சொன்னேன்."

அவர் மீகூனைக் கிளறினார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"பிடிக்கலன்னா வாசிக்காம விட்டிருக்கலாமே. நான் வாசிச்சிருப்பேன். அஞ்சு நிமிஷம் கூட ஆயிருக்காது. எங்கிட்டேருந்து ஏன் பிடுங்கினீங்க?"

"நீங்க வாசிச்சா அவங்க கேட்டிருப்பாங்கம்மா," என்றார்.

"யாரு?"

அவர் மண்டபத்தின் உள்ளே பார்த்தார். முன்வரிசையில் இருந்த வயதான மூவர் இன்னும் கிளம்பவில்லை, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க மூணு பேரும் எங்க தோட்டத்து ஆளுங்க. பத்து காவான் பக்கம். இப்ப அங்க எல்லாம் பாக்டரியும் மாலும் வந்திருச்சு. எங்கூட ஒன்னா வளந்தவங்க." குரல் இறங்கிவிட்டது. அவருடைய குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை. "எங்கப்பா பால்மரம் வெட்டல."

"உங்க பாட்டுல..."

"பாட்டுலதான். எங்கப்பா கிராணி."

தோட்டத்துக் கிராணி என்றால் துரையின் கணக்கப்பிள்ளை. விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிட்டால் அன்றைக்கு வேலை உண்டு. கூப்பிடாவிட்டால் இல்லை.

"தொழிற்சங்கத்துல சேந்தவன் பேரு மறுநாள் பெரட்டுல வராது. யார் சேந்தாங்கன்னு துரைக்கு எப்படித் தெரியும்? எங்கப்பாதான். நல்ல குரலும்மா அவருக்கு. எனக்கு வந்ததே அவரோட குரல்தான். காலையில அந்தக் குரல்ல பேரு கூப்பிடுவாரு, சாயங்காலம் என்னை உக்கார வச்சு தேவாரம் சொல்லிக் குடுப்பாரு. அதோ, நடுவுல உக்காந்திருக்காரே, அவரோட அப்பா பேரு ஒருநாள் வரல. குடும்பத்தோட தோட்டத்த விட்டுப் போனாங்க."

தட்டில் மீகூன் ஆறிக்கொண்டிருந்தது.

"பேரு வாசிக்கிற அப்பனப் பத்தி, அவரு முன்னால, எப்படிம்மா வாசிக்கச் சொல்றீங்க? கவிதையப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. அந்தப் பிள்ள யாரு, என் வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு இருந்துச்சு."

 இந்த மாதிரி நேரத்தில் மனுஷனைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. எனக்குக் கோபம் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதற்காக இன்னொருத்தியின் அப்பாவை எடுத்துக்கொள்வதா?

"அவங்ககிட்ட நான் சொல்லத்தான் போறேன்," என்றேன்.

"சொல்லுங்க. எங்கப்பா விஷயத்தையும் சொல்லுங்க. அந்த மூணு பேர்கிட்ட மட்டும் வேணாம்."

திரும்பும் வழியில்

காரில் சொலாஞ்ச் வாய் ஓயாமல் பேசினாள். மாலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக நினைவுபடுத்திப் பேசினாள். அந்தக் கண்ணாடிக்கார அம்மா, அந்த வேட்டிக் கிழவர், கைகொடுத்த பள்ளிப் பிள்ளைகள். கடற்கரைச் சாலையில் வழக்கமான நெரிசல். கடல் பின்வாங்கிச் சேறு நாறியது.

"அப்பா செத்தபோது நான் ஊருக்குப் போகவில்லை," என்றாள். "போனால் எந்த முகத்தோடு நிற்பது என்று தெரியவில்லை. இன்றைக்கு அந்த அம்மா என் கையைப் பிடித்தபோது, அவருக்காக யாரோ ஒருவராவது அழுதார்கள் என்று இருந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தே அழுதார்கள்."

இதற்கு மேல் ஓட்ட என்னால் முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"சொலாஞ்ச், தமிழில் அவர் வாசித்தது உன் கவிதை இல்லை," என்றேன்.

முதலில் புரியாமல் சிரித்தாள். ராகத்துக்காக மாற்றினாரா என்றாள். ராகத்துக்காக மட்டும் இல்லை என்றேன். அப்படியானால் அவர் சொன்னதைப் பிரெஞ்சில் சொல் என்றாள். சொன்னேன். சிங்கம், செந்நீர், கசையடி, தூக்குமேடை, புன்னகை எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான மொழிபெயர்ப்பு வேலை அதுதான்.

மாலையை எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். 

"நீ ஏன் நிறுத்தவில்லை?" என்றாள்.

"எழுந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது."

"எழுந்தது போதுமா?"

போதாது என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் கோபம் நியாயம். கடைசியில் கிராணியைப் பற்றியும் சொன்னேன். பெரட்டு என்றால் என்ன என்று விளக்க நேரம் ஆகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பெயர் கூப்பிடுவது என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த நடுவில் உட்கார்ந்திருந்தவர் என் கையைக் குலுக்கினார்," என்றாள்.

"ஆமாம்."

"அவருக்குத் தெரியுமா, மாணிக்கத்தின் அப்பாவைப் பற்றி?"

"தெரியாமல் இருக்குமா? தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும். ஆனால் ஐயாவின் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து முன்வரிசையில்தான் உட்காருகிறார்."

சொலாஞ்ச் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில் அவளுக்கு முன்பே ஐயாவுக்குக் கிடைத்திருக்கிறது. வருஷக் கணக்காக அது முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அவருக்குத்தான் அதை எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மலரில் எது வரப்போகிறது?" என்றாள்.

"அவருடையதுதான் அச்சுக்குப் போயிருக்கும். உன் பெயரில். இன்னும் நிறுத்தலாம்."

 பாடம் நடத்துகிறவளின் நிதானத்தோடு சொன்னாள்: "நிறுத்த வேண்டாம். இரண்டையும் போடச் சொல். வானொலிக்காரரின் கவிதைக்கு என் பெயர். சிங்கத்தின் கவிதைக்கு அவர் பெயர். அந்த அப்பாவை உண்டாக்கியவர் அவர்தானே, அவரே வைத்துக்கொள்ளட்டும்."

மறுநாள்

காலையில் போன் செய்தேன். ஐயா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். சொலாஞ்ச் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் கடுமை இருந்திருக்கும். இருக்கட்டும் என்றுதான் விட்டேன்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. 

"என் பேர்லயா?"

"உங்க பேர்லதான் ஐயா."

"எங்கப்பான்னு போட்டு."

"என்றன் தந்தைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"அந்த மூணு பேரும் மலர் வாங்குவாங்கம்மா. படிப்பாங்க."

"படிக்கட்டுமே ஐயா. நல்ல பாட்டுதானே, எல்லாரும் அழுதாங்கதானே."

 தோட்டத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் அத்தனை பாட்டுப் பாடியவர், ராகம் இல்லாமல், ஒரே ஒரு தரம் சொன்னார்:

"அது எங்கப்பா இல்லம்மா."

"அவங்க அப்பாவும் இல்ல ஐயா," என்றேன்.

"உங்க மொழிபெயர்ப்பையே போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.